அப்பா விட்டுப்போன காடு: "பெரிய மரம் மட்டும் எடுக்கிறேன்" என்கிறார் வியாபாரி, என்ன செய்யலாம்?

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் வைத்திருந்த காடு, சுமார் 5 ஹெக்டேர், இப்போது என் பெயருக்கும் தங்கை பெயருக்கும் வந்திருக்கிறது. தோப்பு இல்லை, நிஜமாகவே காடுதான். பாதிக்கு மேல் தானாக முளைத்து வளர்ந்த கலப்பு மரங்கள், வயது யாருக்கும் தெரியாது. மீதி அப்பா 25 வருடங்களுக்கு முன்னால் வரிசையாக நட்டது, எல்லாம் ஒரே வகை. நட்டதோடு சரி, அதற்குப் பிறகு அங்கே கத்தி பட்டதே இல்லை. உள்ளே போனால் பகலிலேயே இருட்டு, கீழே புல்கூடக் கிடையாது, மரங்கள் ஒல்லியாக வளர்ந்து உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலையோடு நிற்கின்றன. ஒரு ஓரமாக ஓடை போகிறது.

போன மாதம் ஒரு மர வியாபாரி வந்து பார்த்தார். 60 சென்டிமீட்டருக்கு மேல் விட்டம் உள்ள பெரிய மரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், சின்ன மரத்தைத் தொட மாட்டேன், வெளிச்சம் கிடைத்ததும் சின்னது எல்லாம் பத்து வருடத்தில் பெரிதாகிவிடும், காடும் காடாக இருக்கும், உங்களுக்கும் பணம் வரும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தங்கைக்குப் பணத் தேவை இருக்கிறது, அவள் கொடுத்துவிடலாம் என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று அவளுக்குச் சொல்லக் காரணம் தெரியவில்லை.

காடு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கே கற்றுக்கொள்வது, யாரைக் கேட்பது, முதலில் என்ன செய்வது? ஒன்றுமே செய்யாமல் அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வழியா?

---

பழையகுற்றி எழுதியது:

தம்பி, அந்த வியாபாரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றால் சொல்லாதீர்கள். உங்கள் மனசு ஒப்பாததற்கான காரணத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதே வார்த்தைகளை நான் 18 வருடங்களுக்கு முன்னால் கேட்டு, தலையாட்டி, கையெழுத்தும் போட்டேன்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பெரிய மரம் வயதானது, சின்ன மரம் இளசு, வயதானதை எடுத்தால் இளசு மேலே வரும். வெட்டி முடித்து லாரிகள் எல்லாம் போன பிறகு ஒரு நாள் உள்ளே நடந்து பார்த்தேன். வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று நாலைந்து ஒல்லி மரங்களையும் அறுத்திருந்தார்கள். என் காட்டு மரங்களில் வருடத்துக்கு ஒன்றாக வளையம் தெளிவாகத் தெரியும். சும்மா குந்தி உட்கார்ந்து ஒரு பெரிய குற்றியில் எண்ணினேன், 64 வளையம். பக்கத்தில் என் கையை விரித்தால் மூடிவிடும் அளவுக்கு ஒரு சின்னக் குற்றி, அதையும் எண்ணினேன். 61. நம்பாமல் நகத்தை வைத்துத் திரும்ப எண்ணினேன், வளையங்கள் அவ்வளவு நெருக்கம், ஓரத்தில் எல்லாம் தாள் அடுக்கு மாதிரி. அதுவும் 61.

அதாவது நான் இளசு என்று நினைத்து விட்டுவைத்தது எல்லாம் பெரிய மரத்தோடு பிறந்ததுதான். பந்தயத்தில் தோற்றுப் போனவை. சில மரங்கள் நிழலில் காத்திருந்து, வெளிச்சம் வந்ததும் எழுந்துவிடும், அப்படிப்பட்ட வகைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெயில் விரும்பும் வகை 60 வருடம் நிழலில் நின்று உச்சி சுருங்கிப் போயிருந்தால், அதற்கு அப்புறம் என்ன வெளிச்சம் கொடுத்தாலும் பெரும்பாலும் தேறாது. என்னுடையது தேறவில்லை. இரண்டு வருடத்தில் காற்றில் சாய்ந்தது பாதி, மீதி தண்டெல்லாம் திடீர்த் துளிர் விட்டு முடிச்சு முடிச்சாகி, பலகைக்கு லாயக்கில்லாமல் நிற்கிறது. நல்ல விதை கொடுக்க வேண்டிய தாய் மரங்களைத்தான் நான் கொடுத்துவிட்டேன், அதனால் கீழே முளைத்ததும் வேண்டாத வகைகள்தான்.

நல்லதைப் பொறுக்கி வெட்டுவது என்பது இதுதான். முதல் வெட்டில் பணம் வரும், அடுத்த வெட்டு என்று ஒன்று நம் ஆயுளில் இருக்காது. உங்கள் தங்கையிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பெரிய மரங்கள் ஓடிவிடப் போவதில்லை, நாளுக்கு நாள் தடித்துக்கொண்டுதான் இருக்கும்.

---

நெஞ்சளவு எழுதியது:

பழையகுற்றி ஐயா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. நான் காட்டு அளவைப் பணியில் இருப்பவன், சிறு காட்டு உரிமையாளர்களோடுதான் தினமும் பேசுகிறேன், பத்தில் ஏழு பேர் முதல் வெட்டு முடிந்த பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் அதற்கு முன்னாலேயே கேட்டிருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம்.

முதல் வேலை அளப்பது. வியாபாரி உங்கள் காட்டை அளந்துவிட்டுத்தான் விலை சொல்கிறார், நீங்கள் அளக்காமல் பேரம் பேசினால் அவருக்கு மட்டும்தான் கண் தெரியும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு அளவு நாடா, கயிறு, நோட்டுப் புத்தகம், ஒரு சுண்ணக்கட்டி, கூட நடக்க ஒரு ஆள்.

மரத்தின் விட்டத்தை எல்லா இடத்திலும் நெஞ்சளவு உயரத்தில்தான் எடுப்பார்கள், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டர். சரிவில் நிற்கும் மரம் என்றால் மேட்டுப் பக்கம் நின்று அந்த உயரத்தை எடுங்கள். சுற்றளவை எடுத்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம். 5 ஹெக்டேரிலும் எல்லா மரத்தையும் அளக்கத் தேவையில்லை, மாதிரி வட்டம் போட்டால் போதும். 11.28 மீட்டர் நீளக் கயிறு ஒன்றை நடுவில் ஒரு குச்சியில் கட்டிச் சுற்றி வந்தால் அந்த வட்டம் சரியாக 400 சதுர மீட்டர். அதற்குள் இருக்கும் மரங்களை எண்ணி, வகை, சுற்றளவு, உச்சி எப்படி இருக்கிறது, தண்டு நேராக இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு, எண்ணிக்கையை 25 ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை மரம் என்று வந்துவிடும். வட்டம் எங்கே போடுவது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நல்ல இடத்துக்குத்தான் கால் தானாகப் போகும். வரைபடத்தில் கட்டம் போட்டு, கட்டம் எங்கே விழுகிறதோ அங்கேயே போய் நில்லுங்கள், அது முள் புதராக இருந்தாலும் சரி. உங்கள் அளவுக்கு, நட்ட பகுதிக்குத் தனியாக, கலப்புப் பகுதிக்குத் தனியாக, மொத்தம் 12 முதல் 15 வட்டம் போட்டால் பேசுவதற்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஆஸ்திரியாவில் வால்டர் பிட்டர்லிச் என்ற வனவியலாளர் 1940களின் இறுதியில் கண்டுபிடித்த வழி. 1 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்னக் குச்சியை எடுங்கள், அதில் 50 சென்டிமீட்டர் நூல் கட்டுங்கள். நூலின் மறுமுனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கன்னத்தில் வைத்துக்கொண்டு, குச்சியை நூல் விறைக்கும் வரை நீட்டிப் பிடியுங்கள். நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். நெஞ்சளவு உயரத்தில் குச்சியைவிட அகலமாகத் தெரியும் மரத்தை ஒன்று என்று எண்ணுங்கள், குச்சிக்குள் மறைந்துவிடும் மரத்தை விட்டுவிடுங்கள், சரியாக அதே அகலம் என்றால் அரை. சுற்றி முடித்ததும் 26 வந்தால், அந்த இடத்தில் ஹெக்டேருக்கு 26 சதுர மீட்டர் அடிமரப் பரப்பு இருக்கிறது என்று அர்த்தம், அதாவது ஒரு ஹெக்டேரில் உள்ள மரங்களை எல்லாம் நெஞ்சளவில் அறுத்து அந்த வெட்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் பரப்பு. மரத்தைத் தொடக்கூட வேண்டாம். ஒரு குச்சியும் நூலும் இவ்வளவு சொல்கிறதே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும். காட்டின் நெருக்கத்தை இந்த எண்தான் சொல்லும், இடம், வகை, வயதைப் பொறுத்து எது அதிகம் எது குறைவு என்று உங்கள் வட்டார வனவியலாளர் சொல்லிவிடுவார்.

அந்த வனவியலாளரைத் தேடும்போது ஒன்றில் கவனம். மரம் வாங்குகிறவரிடம் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. நீங்கள் காசு கொடுத்து அழைத்துவரும் ஆளாக, அல்லது அரசு வனத்துறை, வேளாண் விரிவாக்கப் பிரிவு, காட்டு உரிமையாளர் சங்கம் என்று எதிலாவது இருப்பவராக இருக்க வேண்டும். பல நாடுகளில் சிறு காட்டுக்கு முதல் முறை வந்து பார்த்து ஆலோசனை சொல்வதற்குக் கட்டணமே வாங்குவதில்லை, கேட்டுப் பாருங்கள்.

---

மேகமில்லாநாள் எழுதியது:

காட்டுக்குள் போகும் முன்னால் மேலே இருந்து ஒரு தடவை பாருங்கள், இதெல்லாம் இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, 2008 முதல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 2015இல் ஐரோப்பியர்கள் அனுப்பிய சென்டினல் 2 இன்னும் தெளிவு, ஒரு புள்ளிக்கு 10 மீட்டர், சில நாளுக்கு ஒரு முறை அதே இடத்தைப் படம் எடுக்கும். கூகுள் எர்த்தில் பழைய படங்களை வருடம் வருடமாகத் தள்ளிப் பார்க்கும் வசதி உண்டு. உங்கள் அப்பா நட்ட வருடத்தைக்கூட அதில் ஊகித்துவிடலாம், வெறும் நிலம் எப்போது பச்சையானது என்று தெரியும்.

எல்லையைப் பதிந்து, பாதை, ஓடை, மாதிரி வட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைக்க கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். முதல் இரண்டு வாரம் தலை சுற்றும், அப்புறம் விட மாட்டீர்கள். மரம், செடி பெயர் தெரியவில்லை என்றால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இலை, பட்டை, பூ மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள், பெயர் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். இலையை மட்டும் போட்டால் பாதி நேரம் தவறான பெயர்தான் வரும்.

எல்லையை மட்டும் படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். பத்திரத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து நடந்து மூலைக் கற்களைக் கண்டுபிடித்துச் சாயம் பூசிவிடுங்கள். எல்லையில் நிற்கும் மரம் யாருடையது என்பதை அது நிற்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

---

ஓடைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பழையகுற்றி ஐயா, உங்கள் பதிலைத் தங்கைக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "சரி, அளந்து பார்ப்போம்" என்றாள்.

நெஞ்சளவு சார், குச்சி நூல் வைத்து நேற்று நட்ட பகுதியில் எண்ணினேன். மூன்று இடத்தில் 38, 41, 36 என்று வந்தது. வட்டம் போட்டதில் ஒரு வட்டத்துக்குள் 82 மரம். விட்டம் எல்லாம் 15 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். உயரம் ஒரு 18 மீட்டர் இருக்கும். இதை என்ன செய்வது? இதிலும் பெரியதை எடுக்கக் கூடாதா?

---

நெஞ்சளவு எழுதியது:

82ஐ 25 ஆல் பெருக்குங்கள், ஹெக்டேருக்கு 2050 மரம். 25 வயதுக்கு இது கடும் நெரிசல். 18 மீட்டர் உயரத்தை 0.15 மீட்டர் விட்டத்தால் வகுத்தால் 120 வருகிறது பாருங்கள், அந்த எண் 80க்குக் கீழே இருந்தால் மரம் காற்றைத் தாங்கும், 100ஐத் தாண்டினால் ஒன்றுக்கொன்று சாய்ந்துகொண்டுதான் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒரேயடியாகப் பாதியை எடுத்தால் மிச்சப் பாதி அடுத்த புயலில் படுத்துவிடும்.

இங்கே செய்ய வேண்டியது நெருக்கம் குறைப்பது. எப்படி ஆரம்பிப்பது என்றால், எதை வெட்டலாம் என்று தேடிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். எதை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று தேடுங்கள். நேரான தண்டு, உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது பச்சை உச்சி, கவடு இல்லாதது, பட்டையில் காயம் இல்லாதது. அப்படி ஹெக்டேருக்கு 150 முதல் 200 மரம், கிட்டத்தட்ட 7, 8 மீட்டருக்கு ஒன்று, அதில் மஞ்சள் துணி கட்டுங்கள். இப்போது ஒவ்வொரு மஞ்சள் துணி மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பாருங்கள். அதன் உச்சியை உரசிக்கொண்டு நிற்கும் போட்டி மரம் எது? அந்த ஒன்று அல்லது இரண்டை மட்டும் எடுங்கள். அடியில் நோஞ்சானாக நிற்பதை எடுப்பதால் மஞ்சள் துணி மரத்துக்கு எந்த லாபமும் இல்லை, அது உச்சியில் இடம் பிடிக்கவே இல்லையே. அடுத்த சுற்று நாலைந்து வருடம் கழித்து. ஒரு சுற்றில் அடிமரப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள், உங்கள் 120ஐப் பார்த்தால் நான் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வேன்.

இந்த முதல் சுற்றில் பெரிய பணம் வராது, விறகுக்கும் கம்பத்துக்கும்தான் போகும். வேலைக்கூலி கழித்தால் கையில் ஒன்றும் நிற்காமல்கூடப் போகலாம். தங்கையிடம் அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கலப்புப் பகுதியில் என்றாவது விற்பது என்று முடிவு செய்தால், விற்கும் ஒவ்வொரு மரத்திலும் இரண்டு இடத்தில் சாயக் குறி வையுங்கள், ஒன்று நெஞ்சு உயரத்தில், இன்னொன்று அறுக்கும் இடத்துக்குக் கீழே வேரோடு ஒட்டி. மேல் குறி தடியோடு போய்விடும், கீழ்க் குறி குற்றியில் நிற்கும். வெட்டு முடிந்ததும் நடந்து பார்த்தால் குறி இல்லாத குற்றி எது என்று உடனே தெரிந்துவிடும். எழுத்தில் ஒப்பந்தம், குறி வைத்த மரம் மட்டும், எந்தப் பாதை வழியாக இழுப்பது, மழை பெய்தால் வேலையை நிறுத்துவது, விட்டுவைக்கும் மரத்தில் காயம் பட்டால் என்ன ஈடு, முழுப் பணமும் மரம் சாயும் முன்னால். ஒரே ஆளிடம் பேசாமல் மூன்று நான்கு பேரிடம் மூடிய உறையில் விலை கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னால் உங்கள் இடத்துச் சட்டத்தைப் பாருங்கள், சொந்தக் காடாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாத இடங்களும் மர வகைகளும் பல நாடுகளில் உண்டு, ஓடைக்கரை என்றால் அனேகமாகத் தனி விதி இருக்கும்.

பாதை பற்றி ஒரு வார்த்தை. கனரக வண்டி முதல் சில தடவை போகும்போதே மண் இறுகுவதில் பெரும்பகுதி நடந்துவிடும். எனவே வண்டியைக் காடு முழுக்க மேய விடாதீர்கள், பாதையை நிரந்தரமாகக் குறித்து, எப்போதும் அதே தடத்தில் ஓட்டச் சொல்லுங்கள். இறுகின மண் பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும்.

---

பொந்துமரம் எழுதியது:

அண்ணா, நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அப்படியே விட்டுவிடலாமா என்று. கலப்புப் பகுதியின் ஒரு பாகத்தை, முக்கியமாக ஓடையை ஒட்டி, நிச்சயமாக விடலாம். நான் என் காட்டில் ஓடையின் இரண்டு பக்கமும் 20 மீட்டருக்கு எதையும் தொடுவதில்லை, விழுந்த மரத்தையும் எடுப்பதில்லை.

காய்ந்த மரத்தைக் கண்டதும் வெட்டி எடுத்து "சுத்தம்" செய்ய ஒரு ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கும் முதல் வருடம் வந்தது, நாலு காய்ந்த மரத்தை விறகாக்கினேன், அடுத்த வருடம் மரங்கொத்திச் சத்தமே இல்லை. காட்டு உயிரினங்களில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் செத்த மரத்தை நம்பித்தான் இருக்கின்றன என்று கணிக்கிறார்கள். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் அடுத்து ஆந்தை, மைனா, அணில், வௌவால் என்று வரிசையாகக் குடியேறும், அவற்றால் தாங்களாகப் பொந்து குடைய முடியாது. பாதையில் ஆள் மேல் விழக்கூடிய காய்ந்த மரத்தைக் கண்டிப்பாக எடுங்கள், மற்றதை நிற்க விடுங்கள்.

ஆனால் எதையும் செய்யாமல் விடுவதற்கும் கவனிக்காமல் விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது அண்ணா. வெளியிலிருந்து வந்த செடி ஒன்று புகுந்துவிட்டால் காடு தானாகச் சரியாகாது. உண்ணிச்செடி மாதிரி, பல நாடுகளில் காட்டின் அடியை மூடிவிட்டது, மரக்கன்று எழும்பவே விடாது. காட்டு ஓரம், பாதை ஓரம், புதிதாக வெளிச்சம் விழுந்த இடம், இந்த மூன்றிலும்தான் முதலில் தலைகாட்டும், ஒரு செடியாக இருக்கும்போதே வேரோடு போய்விட வேண்டும், விதை போட்ட பிறகு என்றால் வருடக்கணக்கில் அதே வேலைதான். நட்ட பகுதியில் நெருக்கம் குறைத்த மறு மழைக்கு அங்கேதான் வரும், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு காட்டில் வேலை செய்துவிட்டு வரும் வண்டிச் சக்கரம், பூட்ஸ் எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுவேன், விதையும் வேரழுகல் கிருமியும் மண்ணோடு ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன.

தீ பயம் உள்ள இடமா? அப்படியென்றால் பாதையை ஒட்டியும் வீடு இருந்தால் அதைச் சுற்றியும் கீழ்க் கிளைகளைக் கவாத்து செய்து, அடியில் காய்ந்த புதர் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் ஓடும் தீ ஏணியில் ஏறுவது மாதிரி புதர், தாழ்ந்த கிளை என்று பிடித்துத்தான் உச்சிக்குப் போகிறது. சரிவில் மேல்நோக்கிப் போகும் தீக்கு வேகம் அதிகம், 10 டிகிரி சரிவு கூடினால் வேகம் இரண்டு மடங்கு என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

---

நெஞ்சளவு எழுதியது:

பொந்துமரம் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. காய்ந்த மரம் ஒன்றிரண்டு என்றால் விட்டுவைப்பதுதான் சரி. ஆனால் நட்ட பகுதியில், ஒரே வகை மரம் நிற்கும் இடத்தில், ஒரே பருவத்தில் ஐந்தாறு மரம் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்தால் அதைப் பறவைக்கு என்று விட்டுவிடாதீர்கள். பட்டையை உரித்துப் பாருங்கள், உள்ளே வண்டு குடைந்த வரிவரியான தடம் இருக்கிறதா, பட்டைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சை விரிந்திருக்கிறதா என்று. அது பரவும் நோயாக இருந்தால் காத்திருக்க நேரமில்லை, படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்பிவிடுங்கள்.

கவாத்து பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சட்டைக் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டு, அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். தண்டோடு தண்டாக மழித்தால் காயம் மூடாது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது இது, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது, அந்தச் சுவர் எழும்ப வேண்டிய இடம்தான் அந்தப் புடைப்பு. தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம்.

---

பொந்துமரம் எழுதியது:

ஆமாம், நட்ட பகுதிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. நான் கலப்புப் பகுதியை மனசில் வைத்துச் சொன்னேன்.

---

பழையகுற்றி எழுதியது:

தம்பி, நீங்களே செயின்சா எடுக்கலாம் என்று யோசனை இருந்தால் முதலில் முறையான பயிற்சிக்குப் போய்விட்டு வாருங்கள். தலைக்கவசம், காதடைப்பு, கண் மறைப்பு, வாள் பட்டால் நூல் சுற்றிச் சங்கிலியை நிறுத்தும் கால்சட்டை, இதில் ஒன்று குறைந்தாலும் தொடாதீர்கள். தனியாகப் போகவே கூடாது. மற்றவர்கள் விழும் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். நெருக்கமான காட்டில் மரம் தரைக்கு வராது, பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கிவிடும், அதற்கு அடியில் போய் அறுக்கிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். உங்கள் நட்ட பகுதி அப்படிப்பட்ட இடம்தான், அங்கே முதல் சுற்றை அனுபவம் உள்ள ஆட்களிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் மஞ்சள் துணி கட்டுங்கள், அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

---

ஓடைக்கரை எழுதியது:

ஏழு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், சொல்லாமல் விட மனசில்லை.

வியாபாரியிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம். அடுத்த வாரமே முன்பு சொன்னதைவிடக் கூடுதலாக விலை சொன்னார், அப்போதுதான் தங்கைக்கு முழுசாகப் புரிந்தது. மொத்தம் 14 வட்டம் போட்டோம், அவள்தான் நோட்டில் எழுதினாள். கலப்புப் பகுதியில் 60 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள மரம் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு, அதில் பாதி ஓடைக்குப் பக்கத்தில். அதைத் தொடுவதில்லை என்று இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

வட்டாரத்தில் காட்டு உரிமையாளர் சங்கம் ஒன்று இருப்பதே தெரியாது, தேடிப் போனோம். அவர்கள் மூலம் வந்த வனவியலாளர் பத்து வருடத்துக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் எழுதிக் கொடுத்தார். எங்களைப் போன்ற சின்னக் காடுகள் பல சேர்ந்து ஒரே குழுவாகச் சான்றிதழ் வாங்கும் வழி, காட்டைப் பொறுப்பாகப் பராமரிப்பவர்களுக்கான எஃப்எஸ்சி, பிஇஎஃப்சி என்ற சான்றிதழ் திட்டங்கள் இரண்டிலும் இருக்கிறது என்றார், அதை இன்னும் முடிவு செய்யவில்லை. நட்ட பகுதியில் முதல் சுற்று போன மாதம் முடிந்தது. கூலி போக மிச்சம் சொற்பம்தான், அதைத் தங்கைக்கே கொடுத்துவிட்டேன், அவளும் அடுத்த சுற்றைப் பற்றித்தான் பேசுகிறாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் குடை பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பழைய பாதையில் தண்ணீர் ஒரு விரல் ஆழத்துக்கு வாய்க்கால் போட்டு, செம்மண்ணை அப்படியே ஓடைக்குள் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது. வெயில் நாளில் பத்து தடவை நடந்தும் அது கண்ணில் படவே இல்லை. இதற்கு என்ன செய்வது?

---

நெஞ்சளவு எழுதியது:

பாதைக்குக் குறுக்கே, கொஞ்சம் சாய்வாக, சின்னச் சின்ன மண் மேடு போடுங்கள், வண்டி ஏறி இறங்கும் அளவுக்கு. தண்ணீர் வேகம் பிடிப்பதற்கு முன்னால் பக்கத்துக் காட்டுக்குள் திரும்பிவிட வேண்டும். சரிவு அதிகமான இடத்தில் மேடுகள் நெருக்கமாக, சமமான இடத்தில் தள்ளித் தள்ளி. கடைசி மேடு ஓடைக்கு நன்றாகத் தள்ளியே இருக்கட்டும், சருகு மூடிய தரையில் தண்ணீர் பரவி மண்ணைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓடைக்குப் போக வேண்டும். முதல் மேடு போட்டதும் அடுத்த மழைக்கு மறுபடியும் குடையோடு போங்கள், எங்கே உடைக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதைப் போடலாம்.

---

ஓடைக்கரை எழுதியது:

சரி சார், ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போகிறோம். நீங்கள் சொன்ன மஞ்சள் துணி சாயம் போக ஆரம்பித்துவிட்டது, அதையும் மாற்றிக் கட்ட வேண்டும்.